மலைக்கு அப்பால் தோட்டம், இப்பால் ஆலை: லெபனானின் ஷாத்தோ முசார்

ஷாத்தோ முசார் என்பது லெபனானில் 1930ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓர் ஒயின் ஆலை. அதன் ஒயின்களை ஆண்டுவாரியாக அடுக்கினால், 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரண்டு ஆண்டுகள் விடுபட்டிருப்பது தெரியும்: 1976, 1984. வறட்சியோ பூச்சித் தாக்குதலோ இதற்குக் காரணம் அல்ல. பழம் விளையும் இடத்துக்கும் அது ஒயினாகும் இடத்துக்கும் நடுவே போர் நின்றது. இரண்டு இடங்களும் ஏன் அவ்வளவு விலகியிருந்தன என்ற கேள்வி, லெபனான் என்னும் நாடு உருவான வரலாற்றுக்கே நம்மைக் கொண்டுசெல்கிறது.

முசாரின் திராட்சைத் தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கின்றன. லெபனான் மலைத்தொடருக்கும் அதற்குக் கிழக்கேயுள்ள எதிர்லெபனான் மலைத்தொடருக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்த சமவெளி அது. கோடையில் பகல் வெயில் கடுமை, இரவோ குளிர்ச்சி. திராட்சைக்கு உகந்த இந்நிலத்தின் ஒயின் மரபும் மிகப் பழையது. பால்பெக் நகரில் உரோமானியர் எழுப்பிய பாக்கஸ் கோயில் இன்றும் நிற்கிறது. சீதோனுக்குத் தெற்கே, தெல் எல் புராக் என்னுமிடத்தில் கிடைத்த ஃபினீசியர் காலத் திராட்சை பிழியும் தொட்டி கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெக்காவிலேயே 1857 முதல் இயேசு சபைத் துறவிகள் க்சாரா என்னுமிடத்தில் ஒயின் தயாரித்துவந்தனர்.

ஆனால் முசாரின் ஆலை பெக்காவில் இல்லை. மலைக்கு மேற்கே, பெய்ரூட்டுக்கு வடக்கில், கடலைப் பார்த்த கஸீர் என்னும் ஊரில், ஒரு பழைய கோட்டை வீட்டில் அதைத் தொடங்கினார் காஸ்தோன் ஹோஷார். அப்போது அவருக்கு வயது 20. ஒவ்வோர் அறுவடையின்போதும் பழத்தை லாரிகளில் ஏற்றி மலையைக் கடந்து கொண்டுவர வேண்டும். நொதிக்க விரைகிற பழத்தைப் பொறுத்தவரை இது வசதியான ஏற்பாடு அல்ல. அவர் இவ்வாறு செய்ததற்கு அக்குடும்பத்தினர் பின்னாளில் சொல்லிவந்த காரணம் நாட்டின் எல்லையைப் பற்றிய ஐயமே.

அந்த ஐயத்துக்கு இடம் இருந்தது. ஒட்டோமன் ஆட்சியில் 1861 முதல் தன்னாட்சி பெற்றிருந்த லெபனான் மலைப் பகுதியில் பெக்காவின் பெரும்பகுதி சேரவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த பிரெஞ்சு ஆட்சியாளர்கள் 1920 செப்டம்பர் 1 அன்று ‘பெரிய லெபனான்’ என்ற நாட்டை அறிவித்து, பெக்காவையும் கடலோர நகரங்களையும் அதனுடன் இணைத்தனர். சிரியத் தேசியவாதிகள் இந்த இணைப்பை ஏற்கவில்லை. 1920களிலும் 1930களிலும் எதிர்ப்பு தொடர்ந்தது. பெக்கா நாளை சிரியாவுக்குப் போய்விடலாம் என்று 1930இல் ஒருவர் கருதியிருந்தால் அது வீண் அச்சம் அன்று. தோட்டம் எல்லைக்கு அப்பால் போனாலும் ஆலை கையில் நிற்கும் என்பதே கணக்கு. எல்லை அவ்வாறு நகரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஏற்படுத்திய இடைவெளி நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு வடிவில் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

காஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ் ஹோஷார் 1959இல் ஒயின் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். போர்தோவில் ஒயினியல் பயின்ற அவர், கபெர்னே சோவின்யோன், கரிஞான், சான்சோ ஆகிய மூவகைத் திராட்சைகளைச் சிமெண்டுத் தொட்டிகளில் தனித்தனியே நொதிக்கவைத்து, ஓக் பீப்பாய்களில் வைத்திருந்து, பின்னர் கலந்து புட்டியில் அடைக்கும் முறையை வகுத்தார். சிவப்பு ஒயின் அறுவடையிலிருந்து ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத நாட்டில், ஏழாண்டு காத்திருக்கும் தொழில் அது.

1975 ஏப்ரலில் போர் மூண்டது. பெக்காவில் சிரியப் படை நிலைகொண்டது. கஸீர் அமைந்த கெஸ்ருவான் பகுதி கிறித்தவப் படைக்குழுக்களின் பிடியில் இருந்தது. ஆக, தோட்டம் ஒரு தரப்பின் நிலத்திலும் ஆலை மறு தரப்பின் நிலத்திலும் அமைந்தன. 1976இல் ஒயின் தயாரிக்கவே இயலவில்லை. 1983 செப்டம்பரில் இஸ்ரேலியப் படை ஷூஃப் மலைப் பகுதியிலிருந்து விலகியதும், துரூஸ் படைகளுக்கும் கிறித்தவப் படைகளுக்கும் இடையே மலைப்போர் வெடித்தது. பெய்ரூட்டையும் திமிஷ்குவையும் இணைக்கும் நெடுஞ்சாலை செல்வது அம்மலைகள் வழியாகத்தான். 1984 அறுவடையின்போது லாரிகள் நேர்வழியில் வர முடியாமல் நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது. சில மணி நேரப் பயணம் நாட்கணக்கில் நீண்டு, பழம் வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. வந்து சேர்ந்ததைக் கொண்டு ஒயின் செய்யப்பட்டது; ஆனால் மற்ற ஆண்டுகளின் ஒயினைப்போல அது சந்தைக்கு வரவில்லை.

அதே 1984இல் ‘டிகாண்டர்’ என்ற பிரித்தானிய ஒயின் இதழ், தான் புதிதாகத் தொடங்கிய ‘ஆண்டின் சிறந்த மனிதர்’ விருதின் முதல் பெறுநராக செர்ஜ் ஹோஷாரைத் தேர்ந்தெடுத்தது. 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் மைக்கேல் பிராட்பென்ட் என்ற விமர்சகர் முசாரைப் பாராட்டியதிலிருந்தே பிரித்தானியச் சந்தை திறக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை பெரும்பாலும் உள்நாட்டிலேயே விற்ற ஆலை, உள்நாட்டுச் சந்தை சிதைந்ததால்தான் வெளியே வாங்குவோரைத் தேடிப் போனது. போர் அதன் அறுவடையைப் பறித்தது. அதே போர்தான் அதற்கு உலகப் பெயரையும் தேடித்தந்தது.

இங்கே வரலாற்று மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். குண்டுகளுக்கு நடுவே ஒயின் செய்த தனிமனிதரின் துணிவு என்பதாகவே இக்கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. அந்தத் துணிவு பொய்யல்ல. ஆனால் திராட்சையைப் பறித்தவர்கள் பெக்காவின் பெடூயின் தொழிலாளர்கள். சோதனைச் சாவடிகளைக் கடந்து அதைக் கொண்டுவந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். ஒயின் இதழ்களில் உரிமையாளருக்குப் பெயர் உண்டு. இவர்களோ பெரும்பாலும் ‘தொழிலாளர்கள்’, ‘ஓட்டுநர்கள்’ என்ற பன்மைச் சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். போர்க்காலப் பொருளாதாரம் எவருடைய உடல்மீது இயங்கியது என்ற கேள்விக்கு அந்தப் பன்மைச் சொற்கள் விடை தருவதில்லை.

புட்டியின் மீதுள்ள ஆண்டைக் குறிக்கும் ‘விண்டேஜ்’ என்ற சொல்லின் வேர், இலத்தீன் மொழியின் ‘விண்டேமியா’. அதன் பொருள் திராட்சை பறித்தல். புட்டியில் அடைத்த ஆண்டையோ விற்ற ஆண்டையோ அன்றி, கைகள் பழம் பறித்த ஆண்டையே சொல் இன்றும் சுட்டுகிறது. அந்தப் பொருளில் பார்த்தால் 1984 வெற்றாண்டு அல்ல. அந்த ஆண்டும் பெக்காவில் பழம் பறிக்கப்பட்டது, வண்டியில் ஏற்றப்பட்டது, மலையைச் சுற்றி வந்து சேர்ந்தது. அட்டவணையில் இல்லாதது விற்பனை மட்டுமே. உழைப்பு நடந்தே இருக்கிறது. வணிக ஆவணத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இந்த வேறுபாட்டை மறத்தல் ஆகாது.