கட்புலனும் விஞ்ஞானக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானம் கண்ணாற் காண்பதிலிருந்தே பிறக்கின்றது என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. இவ்வெண்ணமே கட்புலனற்ற மாணவரை ஆய்வுகூடத்தின் வாயிலிலேயே நிறுத்திவைத்தது. ஆயின், வரலாறு இதற்கு மாறான சான்றுகளைத் தருகின்றது.

1682இல் இங்கிலாந்திற் பிறந்த நிக்கலஸ் சோண்டர்சன், குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையினாற் பார்வையை முற்றாக இழந்தவர். அவரே 1711இல், முன்னர் நியூற்றன் வகித்த கேம்பிறிட்ஜ் லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவியை ஏற்றார். தாம் ஒருபோதும் அறியாத ஒளியையும் நிறத்தையும் பற்றிய நியூற்றனின் கொள்கைகளை அவர் மாணவருக்கு விளக்கியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. துளைகளிட்ட பலகையில் ஊசிகளைப் பொருத்தி, விரலாற் தடவியே அவர் கணக்கிட்டார். அவரது மேதைமைக்கு வழிதிறந்தது கைக்கு இசைந்த ஒரு கருவி எனலாம்.

1824இல் லூயி பிரெயில் தமது புள்ளி எழுத்துமுறையை வகுத்தார். எனினும், உயர்கணிதத்தின் சிக்கலான குறியீடுகளை அதில் எழுதுதல் எளிதாயிருக்கவில்லை. பார்வையற்றவர் என்பதனாற் கணிதத்தை விடுத்து உளவியல் பயிலுமாறு அறிவுறுத்தப்பட்ட அமெரிக்கராகிய ஏபிரகாம் நெமெத் என்பவரே இக்குறையை நீக்க முற்பட்டார். அவர் வகுத்த கணிதக் குறியீட்டுமுறை 1952இல் வெளியாயிற்று.

2002இல் நோபெல் பரிசாளர் காள் வீமன் கொலறாடோப் பல்கலைக்கழகத்தில் 'பெற்' எனும் மெய்நிகர்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினார். கணினியில் நிகழும் பரிசோதனையிற் சுடுநெருப்பில்லை, அமிலமில்லை. கட்புலனற்றோரை விலக்கக் கூறப்பட்ட காரணங்கள் இங்கு மறைந்தன. ஆயினும், இத்தகைய ஆய்வுகூடங்கள் படங்களையும், சுட்டியால் இழுத்து நகர்த்தும் முறையையுமே நம்பியிருந்தமையாற் புதியதொரு சுவர் எழுந்தது. எழுத்தை உரத்து வாசிக்கும் திரைவாசிப்பான் படத்தின் முன் ஊமையாகிவிடும்.

இச்சுவரைத் தகர்க்கும் முயற்சியும் அத்திட்டத்திலேயே பின்னர் தோன்றியது. பலூனைக் கம்பளிச் சட்டையில் உரசும் பரிசோதனையை இன்று விசைப்பலகையாலேயே நிகழ்த்தலாம். ஏற்றங்கள் இடம்மாறுவதை விவரண வாசகங்கள் உடனுக்குடன் அறிவிக்கின்றன. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நிகழ்வதைக் கூறும் விவரணம் கண்ணுக்கு ஈடாகும். முடிவையும் சேர்த்துக் கூறும் விவரணமோ மாணவரின் சிந்தனையைப் பறித்துவிடும். நோக்கலைக் கருவி வழங்கட்டும். முடிவு மாணவருக்கே உரியதாகட்டும்.

சோண்டர்சனின் பலகை அவருக்காகக் கணக்கிடவில்லை. அவர் கணக்கிட இடமளித்தது. மெய்நிகர் ஆய்வுகூடங்களை ஆக்குவோர் பின்பற்றவேண்டிய நெறியும் அதுவே.