மண்ணெண்ணெய்க் காரின் வால்வு

பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணம் எண்டால் மண்ணெண்ணெயில் ஓடின கார்களைச் சொல்லிச் சிரிப்போம். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்க, பெற்றோல் இல்லாமல் போனது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினார்கள். அந்த எஞ்சின் எப்பிடித் தாங்கினது எண்டு நாங்கள் கேட்டதே இல்லை.

மொறிஸ் மைனரை எடுப்பம். எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வின் தண்டுக்கும் அதை அமத்துகிற ரொக்கருக்கும் நடுவில் 0.012 அங்குல இடைவெளி வேணும், ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். கூடினால் 'டக் டக்' எண்டு சத்தம் காட்டிக்கொடுக்கும். குறைஞ்சால்தான் வில்லங்கம்: சத்தமே வராது, வால்வு முழுசா மூடாது, சூட்டுவாயு கசிஞ்சு விளிம்பு எரியும். அந்தக் காலப் பெற்றோலில் கலந்திருந்த ஈயம் வால்வு உட்காருமிடத்தைத் தேயாமல் காத்தது. மண்ணெண்ணெயில் அது இல்லை. உட்காருமிடம் தேயத் தேயத் தண்டு மேலெழும்பும், இடைவெளி சுருங்கும்.

ஆகவே மூடியைக் கழட்டி, நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்து, ஸ்குரூவைத் திருகவேணும். எதை எப்போது எண்டதுக்கு ஒன்பதுக் கணக்கு: எட்டாவது முழுசாத் திறந்திருந்தால் ஒண்டாவது, ஏழாவது எண்டால் ரெண்டாவது. வீட்டு முற்றத்திலேயே முடியும், எஞ்சின் ஆறியிருந்தால் போதும்.

தடைசெய்த பொருட்களின் பட்டியல் பல கட்டுரைகளில் இருக்கிறது. இந்தத் திருகல் எதிலும் எங்கட கண்ணில் படவில்லை. செய்தவர்களில் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், வயது போய்விட்டது.