குஃப்ரிக்கு வாணலி வைத்த பரீட்சை

தஞ்சாவூர்க் கல்யாணப் பந்தியில் உருளைக்கிழங்கு வறுவல் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். ஆனால், அந்தக் கிழங்கு காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்ததல்ல. கிழங்கு திரள ராத்திரியில் குளிர் வேண்டும். டெல்டாவின் புழுக்கத்துக்கு அது சரிப்படாது. ஆகவே, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்தும் ஆக்ரா பக்கத்திலிருந்தும் லாரியேறி வருகிறது.

வடக்கத்திக் கிழங்கில்தான் வில்லங்கம். மார்ச்சுக்குள் தோண்டி முடித்துவிடுவார்கள். வருஷம் பூரா விற்க வேண்டுமே! 2 முதல் 4 டிகிரி குளிரில் கிடங்கில் போட்டுப் பூட்டுகிறார்கள். முளைக்காது, அழுகாது. ஆனால், அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிவிடும். சீவி எண்ணெயில் போட்டால் கறுக்கும், கசக்கும். சமையல்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. குளிரில் சர்க்கரை சேரும் இந்தச் சங்கதியை ஹெர்மன் முல்லர்-துர்காவ் என்ற ஸ்விஸ்காரர் 1882-லேயே எழுதிவைத்துவிட்டார்.

நம் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-ல் பாட்னாவில் ஆரம்பித்து, 1956-ல் சிம்லாவுக்குப் போனது. பக்கத்திலிருக்கும் குஃப்ரியின் பெயர்தான் அதன் ரகங்களுக்கெல்லாம் இனிஷியல். 1968-ல் வந்த குஃப்ரி ஜோதி, கருகல் நோயைத் தாங்கியது. நீலகிரியில் 1961-ல் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது; அதைத் தாங்க 1985-ல் குஃப்ரி ஸ்வர்ணா வந்தது. விளைச்சல், நோய்... பரீட்சையெல்லாம் வயலோடு சரி. பொடிமாஸுக்கு எந்தக் கிழங்கானால் என்ன?

தஞ்சைக்காரர்கள் இதை நெல்லிலேயே பார்த்தவர்கள். 1960-களில் ஆடுதுறை 27 அமோகமாக விளைந்தது. ஆனால், அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கி ஈர நெல் வீணானது. அதற்கு வழி தேடத்தான் 1967-ல் திருவாரூர் அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் பிறந்தது. இன்று தஞ்சாவூரிலிருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அதுதான் மூலம்.

உருளைக்கிழங்குக்கு அந்த ஞானோதயம் வர, சிப்ஸ் ஃபாக்டரிகள் வரவேண்டியிருந்தது. 1998-ல் குஃப்ரி சிப்சோனா 1, 2 வெளியாயின. சர்க்கரை குறைவு, மாவு அதிகம். வறுத்தால் வெளுப்பாகவே வரும். ஆனால், இவற்றையும் 10-12 டிகிரியில்தான் வைக்க வேண்டும். அந்த இளஞ்சூட்டில் முளைவிடும். அதற்குத் தனி மருந்து அடிக்க வேண்டும். பி.காம். படித்தவன் கண்ணில் முதலில் படுவது இதுதான்: தனிக் கிடங்கு, மருந்து, எல்லாம் செலவு. ஃபாக்டரி வேண்டாமென்றால் விவசாயிக்கு மண்டி விலைதான் கதி.

2002-ல் இன்னொரு இடி. கறுத்துப்போகும் அதே வினையில் அக்ரிலமைடு உண்டாகிறது என்று ஸ்வீடனில் அறிவித்தார்கள். ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் தந்த ரசாயனம் அது. நிறக் கவலை, உடம்புக் கவலையாகிவிட்டது. அமெரிக்காவில் சர்க்கரை உண்டாக்கும் மரபணுவையே அடக்கிவைத்த ஒரு கிழங்குக்கு 2015-ல் விவசாயத் துறை பச்சைக்கொடி காட்டியது. இங்கே மரபணு மாற்றிய கிழங்கைப் பயிரிட அனுமதியில்லை.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் உருளைக்கிழங்கு இருக்கிறதா? எடுத்து வெளிச்சம் படாத கூடையில் ஒன்றிரண்டு வாரம் போட்டுவையுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி திரும்ப மாவாகிவிடும். வறுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.