வயதான பெட்டை நாய்க்குக் கட்டியா? எல்லாம் புற்றுநோய் அல்ல

பத்து வயதை எட்டிய பெட்டை நாயின் பிறப்புறுப்பில் சதை உருண்டையொன்று வெளியே தள்ளி நிற்பதைக் கண்டதும், "புற்றுநோய், இனி பிழைக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் பலர். மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் பெட்டை நாய்களின் பிறப்புறுப்பிலும் அதன் உட்குழாயிலும் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை உடலின் மற்றப் பாகங்களுக்குப் பரவாதவை.

இவற்றில் அதிகம் காணப்படுவது லியோமயோமா எனப்படும் தசைக் கட்டி. நார்க்கட்டிகளும் வருவதுண்டு. கருப்பை சுரக்கும் ஹார்மோன் அல்ல, சினைப்பை சுரக்கும் ஹார்மோன்தான் இவை வளரத் துணைபுரிகிறது. அதனால்தான் கருத்தடை செய்யாத, வயதான நாய்களிடம் இவை அதிகம். இளம் வயதிலேயே கருத்தடை செய்த நாய்களிடம் மிக அரிது.

கட்டி மாதக்கணக்கில் மெதுவாக வளரும். உள்ளே இருக்கும்வரை தெரியாது. சிறுநீர் கழிக்க முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, மலச்சிக்கல், இரத்தக் கசிவு, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது ஆகியவை அறிகுறிகள். சிறுநீர் அறவே நின்றுவிட்டால் அது அவசரநிலை. மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

வெளியே தெரியும் எல்லாச் சதையும் கட்டியல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். இளம் நாய்க்குப் பருவ காலத்தில் உட்குழாய்ச் சதை வீங்கிப் பிதுங்கலாம். பருவம் முடிந்ததும் அது பெரும்பாலும் சுருங்கிவிடும். அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்களுக்கு இனச்சேர்க்கையால் தொற்றும் கட்டி வேறு வகை. பூக்கோசு போலிருக்கும், தொட்டாலே இரத்தம் வரும். அதற்குக் கத்தி வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் ஊசியே பெரும்பாலும் குணப்படுத்திவிடும். தோட்டப்புற நாய்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது.

கால்நடை மருத்துவர் முதலில் விரலால் சோதிப்பார். பிறகு ஊசியால் உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். கட்டி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, கருப்பையிலும் உள்ளதா என்பதை ஸ்கேன் காட்டும். சதைத் துண்டின் ஆய்வக முடிவே உறுதியானது.

சிகிச்சை அறுவைதான். பல கட்டிகள் காம்புடன் தொங்குவதால் அடியோடு எடுப்பது எளிது. ஆழத்தில் இருந்தால் பிறப்புறுப்பின் மேற்பகுதியைக் கீறித் திறந்து எடுப்பார்கள். சிறுநீர்த் துவாரம் சேதமாகாமலிருக்க அதில் முன்கூட்டியே குழாய் செருகப்படும். அதே வேளையில் சினைப்பையையும் கருப்பையையும் அகற்றிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் கட்டி திரும்ப வருவது அரிது. செலவைக் குறைக்கக் கட்டியை மட்டும் எடுக்கச் சொல்வது பிறகு இரண்டாம் செலவாகலாம்.

வயதான நாய்க்கு மயக்க மருந்து தாங்குமா என்ற பயம் நியாயமானதே. அதற்காகத்தான் சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றை முன்கூட்டியே பரிசோதிக்கிறார்கள். சிக்கலான நோயாளிகளை செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம். கட்டி எப்போது தென்பட்டது, கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.