பதினொன்றாம் எண் கூண்டு: புயல் எச்சரிக்கை வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

இந்தியத் துறைமுகங்களுக்குரிய புயல் எச்சரிக்கைக் குறிகள் பதினொன்று. பகலில் கொடிமரத்தில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். முதல் பத்தும் புயலைப் பற்றிப் பேசுகின்றன: தொலைவில் உருவாகியிருக்கிறது, நெருங்குகிறது, துறைமுகத்துக்கு இந்தப் பக்கமாக அல்லது அந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும். பதினொன்றாவது வேறு சாதி. எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். தகவல் வராததையே தகவலாக்கும் குறி இது.

இதை எங்கே வைத்துப் படிப்பது என்பதில்தான் வரலாற்றாசிரியர் டேனியல் ஹெட்ரிக்கோடு முரண்பட வேண்டியிருக்கிறது. நீராவிப் படகு, கொய்னா, புதிய துப்பாக்கிகள், கடலடித் தந்தி ஆகியவை ஐரோப்பிய விரிவாக்கத்தைச் சாத்தியமாக்கின, மலிவாகவும் ஆக்கின என்று 1981-இல் வெளிவந்த ‘பேரரசின் கருவிகள்’ நூலில் அவர் வாதிட்டார். புயல் எச்சரிக்கைக்கும் இந்த வாதத்தை நீட்டினால், தந்தி என்பது மையத்தின் குரலைக் கரைக்குக் கொண்டுவரும் கம்பி, அவ்வளவுதான். இதற்குச் சான்றுகள் வலுவானவை. கல்கத்தாவையும் டயமண்ட் ஹார்பரையும் இணைத்த தொடக்ககாலத் தந்திக் கம்பியே ஹூக்ளி ஆற்றின் கப்பல் செய்திகளைச் சுமந்தது. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் புயல் தாக்கியது; அடுத்த ஆண்டே அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அதே 1864 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் மற்றொரு புயலில் சுமார் 30,000 பேர் மாண்டனர். ஆனால் கல்கத்தாவைச் சூழ்ந்த பகுதிக்கு அப்பாலுள்ள வங்கக் கரைத் துறைமுகங்கள் 1882 வரை காத்திருந்தன. 1886-இல் எல்லாத் துறைமுகங்களும் வளையத்துக்குள் வந்தன. 1898-இல் குறிகள் ஒரே சீராயின. சரக்கு இருந்த இடத்துக்கே எச்சரிக்கை முதலில் போனது. இதுவரை ஹெட்ரிக்கை மறுக்க முகாந்திரமில்லை.

அவர் வாசிப்பு இடறுவது பதினொன்றாம் கூண்டில்தான். கட்டுப்பாட்டையே குறியாகக் கொண்ட நிர்வாகம், ‘உத்தரவு வரும்வரை காத்திரு’ என்று எழுதியிருக்கும். இங்கே கம்பி அறுமென்று மையமே முன்கூட்டி ஒப்புக்கொள்கிறது. அறுந்தபின் முடிவெடுக்கும் உரிமையைத் துறைமுக அதிகாரியின் கையில் கொடுக்கிறது. பழி வந்தால் உள்ளூராரிடம் தள்ளிவிடும் உபாயம் இது என்று எதிர்வாதம் வரலாம். பழி மட்டுமே நோக்கமென்றால் ஒரு சுற்றறிக்கை போதும். மாலுமிகள் தூரத்திலிருந்தே அடையாளம் காணும்படி தனிக்குறி எதற்கு? சட்டவிதியில் இருக்கும் குறி, நெருக்கடியில் துணிந்து ஏற்றப்பட்டது என்பதற்குத் தானே சாட்சியாகாது என்பதும் உண்மை. 1898-இன் சீர்மைக்கு முன்பா பின்பா இக்குறி பிறந்தது என்பதை இங்கே முடிவுகட்டவில்லை. வாதம் அந்த ஆண்டைச் சார்ந்ததும் அல்ல.

பிற்காலத் தொழில்நுட்பங்களும் மையத்தின் குரலை உரக்கச் செய்ததைவிட, அறுந்த கம்பிக்கு மாற்றுத் தேடியவையே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோது தொடர்புகளும் சேர்ந்தே அழிந்தன. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமையைக் கடல் மூடிற்று; அதிகாரபூர்வக் கணக்கிலேயே சாவு சுமார் 10,000. பெருங்காற்றில் முதலில் சாய்வது தந்திக்கம்பமும் தொலைபேசிக் கம்பமும்தான். 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி-க்குப் பிறகு அமைந்த செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை முறை, கம்பத்தையே விலக்கியது. செய்தியோடு ஒரு பகுதிக் குறியீடு அனுப்பப்படும். அக்குறியீட்டுக்குரிய மாவட்டத்தின் ரிசீவர்கள் மட்டும் விழித்துச் சங்கொலி எழுப்பி, பிறகு உள்ளூர் மொழியில் அறிவிப்பைச் சொல்லும். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வு முதன்முறையாகக் கருவிக்குள்ளேயே குடியேறியது.

அந்தத் தேர்வை ‘கேப்’ எனப்படும் பொது எச்சரிக்கை நெறிமுறை வெளிப்படையாகவே எழுதிவைக்கிறது. 2004-இல் தரமாக ஏற்கப்பட்ட இந்நெறிமுறையில் ஒவ்வொரு செய்தியும் பொது, வரையறுக்கப்பட்டது, தனிப்பட்டது என மூன்றில் ஒன்றாகத் தன்னை அறிவிக்க வேண்டும். தனிப்பட்டதென்றால் பெறுநர் பட்டியல் கட்டாயம். அனுப்பியவரை உறுதிசெய்ய மின்னணுக் கையொப்பமும் சேர்க்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்குரிய தகவலும் ஊருக்குரிய அறிவிப்பும் ஒரே வாய்க்காலில் ஓட இது வழிசெய்தது. இந்தியாவின் ‘சசேத்’ எச்சரிக்கைத் தளம் இதன்மேல் எழுந்ததே. பெற்றுக்கொண்டதை ஒப்புவதற்கும், பிழையென்று திருப்புவதற்கும் நெறிமுறையில் தனித்தனி வகைகள் உண்டு. மையம் பேசவில்லை என்பதற்கு வகை இல்லை; அனுப்பப்படாத செய்திக்கு வடிவம் கொடுக்க எந்தப் படிவத்தாலும் ஆகாதுதான். உள்ளூர் அமைப்பே எச்சரிக்கையைத் தொடங்க நெறிமுறை இடம் தருகிறது என்றாலும், அந்த அதிகாரத்தை யாருக்கு வழங்குவது என்பதை ஒவ்வொரு அரசும் தனியே முடிவு செய்கிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் செல்பேசி அலைக்கு எட்டாத தூரத்தில் இருந்தனர். 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் செய்தியைப் படகுக்குக் கொண்டுசேர்த்தது. பதில் அனுப்பும் வசதி அதில் இல்லை. பின்னர் படகுகளில் பொருத்தத் தொடங்கிய இருவழிக் கருவிகளே அந்தப் பக்கத்திலிருந்தும் பேச வழி திறந்தன. கல்கத்தாத் துறைமுகத்தின் முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. கப்பல் முந்தி, மீனவர் பிந்தி என்ற அந்த வரிசையைப் பொறுத்தவரை ஹெட்ரிக்கின் வாசிப்பு இன்னும் செல்லும்.