கல்வராயன் மலையேறிய டயர்

கல்வராயன் மலைக்கு ஜீப்பும் லாரியும் ஏறத் தொடங்கியதிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஓடிய டயர் ஏறக்குறைய ஒரே ரகம்தான்: குறுக்கும் மறுக்குமாக நைலான் இழை போட்ட உடம்பு, உள்ளே டியூப், மேல்பட்டை தேய்ந்தால் ரீபட்டன். பிரான்சின் மிஷ்லின் நிறுவனம், பட்டைக்கு அடியில் எஃகு வளையம் வைத்த ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1946-இல். இந்தியாவில் ஜேகே டயர் கார்களுக்கான ரேடியலை 1977-இல் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் நம்முடைய லாரிக்காரர்களும் மலைவண்டிக்காரர்களும் வெகுகாலம் அதன் பக்கம் திரும்பவில்லை. 2000-களின் தொடக்கத்தில்கூட லாரி டயர்களில் ரேடியல் நூற்றுக்குச் சில என்ற அளவில்தான் இருந்தது. அறியாமை, பழக்கம், கையில் காசில்லாமை என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருந்தது என்பதும், அந்தக் கணக்கு ரப்பர் டயரைவிடப் பழையது, மாட்டுவண்டிச் சக்கரத்திலிருந்தே வருவது என்பதும் என் கட்சி.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை மூன்றும் மரம், தச்சர் வேலை. அதைச் சுற்றி இரும்புப் பட்டா, கொல்லர் வேலை. வறட்டியை வட்டமாக அடுக்கி, இரும்பு வளையத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கி வந்து வட்டையின் மேல் இறக்குவார்கள். மரம் பொசுங்கிப் புகையும். உடனே தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆரக்கால்கள் குடத்துக்குள் நெரிந்து இறுகும் சத்தம் கேட்கும். அதன் பிறகு சாலையில் உரசித் தேய்வது பட்டா மட்டும்தான். தளர்ந்தால் அதைக் கழற்றி, ஒரு துண்டு வெட்டி, பற்றவைத்து மறுபடி மாட்டலாம். தேய்ந்தே போனால் புதுப் பட்டா. சக்கரம் அப்படியே இருக்கும். ஒரு பொருள் நீடித்து வந்தால் தமிழில் அது 'நன்றாக உழைக்கிறது' என்கிறோம். வண்டிக்காரரின் அகராதியில் சக்கரத்தின் உழைப்பு என்பது பட்டா எத்தனை மாதம் வந்தது என்பதில் இல்லை, எத்தனை பட்டாவை அந்த மரம் தாங்கியது என்பதில் இருந்தது. உடம்பு வேறு, தோல் வேறு.

காற்றடைத்த டயர் வந்தபோது இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் விழுந்தது. இரும்புப் பட்டா கப்பிச்சாலையை அறுத்துக் குழியாக்குகிறது என்பது வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பொறியாளர்களின் புகார். டன்லப் நிறுவனம் மாட்டுவண்டிக்கென்றே காற்று டயரும் சக்கரமும் விற்றது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டுக்குப் பாரம் குறையும் என்று டயர் வண்டிக்காகப் பல ஆண்டு வாதாடினார். அவர் சொன்னது சரி, மாட்டுக்கு நல்லதுதான். இருந்தும் கட்டைவண்டி அவ்வளவு எளிதில் போய்விடவில்லை. கட்டைவண்டிக்கு எந்த ஊரிலும் தச்சரும் கொல்லரும் உண்டு, டயர் பஞ்சரானால் ரோட்டோரக் கடை தேட வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். போதாக்குறைக்கு, மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடந்தன. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பேருந்து ஓட்டத் தொடங்கிய பிறகு, அந்த ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டி விட்ட கதை தமிழ்நாட்டுப் போக்குவரத்து வரலாற்றில் பிரசித்தம். பழைய சக்கரம் புதிய சக்கரத்தைக் குத்திக்கொண்டிருந்த காலம் அது.

இதெல்லாம் சமவெளி. கல்வராயன் மலையில் அப்போது சக்கரத்துக்கே பெரிதாக வேலையில்லை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் இந்த மலையைச் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். 1883-இல் சேலம் மாவட்டக் கையேடு எழுதிய லெஃபானு, 1906-இல் தென்னாற்காடு கெசட்டியர் எழுதிய பிரான்சிஸ், 1918-இல் சேலம் கெசட்டியர் எழுதிய ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவருக்கும் இது தனி உலகம். நாடு விடுதலையாகி, ஜமீன்கள் ஒழிந்து, 1976-இல்தான் அரசு இந்த ஜாகீர்களை நேரடியாகக் கையில் எடுத்தது. புளியும் கடுக்காயும் தேனும் அதுவரை பெரும்பாலும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும்தான் இறங்கின. மரம் வெட்டி இறக்கப் போட்ட கூப்புச் சாலை, மண் தடம், ஜல்லி கொட்டிய பாதை என்று வழி திறக்கத் திறக்க ஜீப் ஏறியது. ஆக, இங்கே மாட்டுவண்டிக் காலம் என்ற நடுப்படியே சரியாக வரவில்லை. பொதிமாட்டிலிருந்து நேராக ரப்பருக்குத் தாவிய மலை இது. ஆனால் வண்டி ஓட்டி வந்தவர்களும் பழுது பார்த்தவர்களும் கச்சிராயபாளையம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர்ப் பக்கத்துக் கீழ்நாட்டுக்காரர்கள். சக்கரத்தைப் பற்றிய தங்கள் கணக்கையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள்.

அந்தப் பாதையில் டயர் எதனால் சாகிறது என்று பார்க்க வேண்டும். தேய்ந்து சாவது குறைவு. வெட்டுப்பட்டுச் சாவதே அதிகம். மலைக்கல் கடினமான கருங்கல் இனம். உடைந்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். ஒற்றைத் தடப் பாதையில் எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்கும்போது இடப்பக்கச் சக்கரம் தார் விளிம்பிலிருந்து கீழே இறங்கும். மறுபடி ஏறும்போது அந்த உடைந்த விளிம்பு டயரின் பக்கச் சுவரை நீளவாக்கில் உரசிக் கிழிக்கும். தரையில் படும் பட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கன்னத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வாய் பிளந்திருக்கும். ரேடியல் டயரின் பலமெல்லாம் பட்டைக்கு அடியில் உள்ள எஃகு வளையங்களில் இருக்கிறது. அதன் கன்னம் மெலிது. அந்த மெலிவால்தான் அது சொகுசாக ஓடுகிறது, சூடாகாமல் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாங்குகிறது, டீசலை மிச்சம் பிடிக்கிறது. குறுக்கிழை நைலான் டயரில் உச்சிக்குப் போகும் அதே இழைகள் கன்னத்திலும் இறங்கி வருகின்றன. ஆகவே அது முரடு, சூடேறும், வேகத்துக்கு ஆகாது. ஆனால் கல் உரசலைத் தாங்கும். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத கொண்டை ஊசி வளைவுகளில் ரேடியலின் நல்ல குணங்கள் வேலை செய்ய இடமே கிடைப்பதில்லை, அதன் பலவீனத்துக்கோ ஒவ்வொரு ஒதுங்கலிலும் சோதனை.

கிழிந்த பிறகு என்ன என்பது அடுத்த கேள்வி. 1947-லிருந்து மஹிந்திரா இங்கே பூட்டித் தந்த வில்லிஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16, ஒல்லியான டயர். இரண்டு லீவரும் ஒரு சுத்தியலும் இருந்தால் ஓர் ஆள் அதை ரிம்மிலிருந்து கழற்றிவிடலாம். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்து, உரசி, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடலாம். கன்னத்து வெட்டுக்கு, பழைய டயரிலிருந்து அறுத்த ஒரு துண்டை உள்ளே அணைகொடுத்து வைத்தால் டியூப் பிதுங்காது. கைபம்பில் காற்றடித்துக்கொண்டு அடிவாரம் வரை இறங்கிவிடலாம். டியூப்லெஸ் டயரை ஒருமுறை ரிம்மிலிருந்து பிரித்துவிட்டால், அதன் விளிம்பு மறுபடி ரிம்மில் போய் உட்காரக் கம்ப்ரசர் காற்று ஒரே வீச்சில் பாய வேண்டும். கைபம்பு அதற்கு ஆகாது. ஸ்டெப்னி இருக்கிறதே என்பீர்கள். அந்தச் சொல்லே வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்திலிருந்து வந்தது; பிறந்த ஊர் மறந்தாலும் நம் ஊர் பஞ்சர் கடையில் அது இன்னும் வாழ்கிறது. ஒரு ஸ்டெப்னி ஒரு விபத்துக்குத்தான். இரண்டாவது வெட்டு விழும்போது கைவேலைக்கு மசிகிற டயர்தான் வண்டியை இறக்கிக்கொண்டு வரும்.

ரீபட்டன் விஷயத்துக்கு வருவோம். தேய்ந்த டயரைச் சுரண்டி, புதுப் பட்டை ரப்பரை மேலே ஏற்றி வேகவைக்கும் இந்தத் தொழில் இங்கே டயர்த் தொழிலின் வாலாக வரவில்லை, தலையாகவே வந்தது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் பட்டை ரப்பருக்கு மாறினார். எம்ஆர்எஃப் முழு டயர் வார்த்தது 1961-இல், அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து. அதாவது நம்மவர்கள் தோல் செய்யக் கற்று ஒன்பது ஆண்டு கழித்தே உடம்பு செய்யக் கற்றார்கள். நாமக்கல், சங்ககிரி, சேலம், ஆத்தூர் என்று லாரி பெருகிய ஊர்களிலெல்லாம் ரீபட்டன் பட்டறைகள் பெருகின. அரசுப் போக்குவரத்துக் கழகங்களே சொந்தமாக இந்தப் பட்டறைகளை வைத்து நடத்துகின்றன. பழைய டயர் வாங்குகிறவர் பட்டையைப் பார்க்க மாட்டார். உள்ளே கையை விட்டுத் தடவி, இழை எங்காவது உடைந்து மேடு தட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, 'கேஸிங் நல்லாருக்கு' என்பார். வட்டையையும் குடத்தையும் தட்டிப் பார்த்த தச்சரின் கை அது.

வறுமைதான் இதற்கெல்லாம் காரணம் என்ற வாதத்தை இப்போது எடுத்துக்கொள்ளலாம். புது ரேடியல் வாங்க முடியாததால் நைலானை ஓட்டினார்கள் என்றால், புது டயர் மொத்தமாக வாங்கக்கூடிய போக்குவரத்துக் கழகங்களும் பெரிய லாரி உரிமையாளர்களும் அதையே ஏன் ஓட்டினார்கள்? வறுமை ஒருவரை மலிவான பொருளுக்குத் தள்ளும். மலிவானவற்றுக்குள் எதை எடுப்பது என்று அது சொல்லித்தராது. அது அனுபவத்தின் வேலை. இன்னொரு ஆட்சேபணை கனமானது, அதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நனைந்த சாலையில் ரேடியலின் பிடி மேல். சரியாக ஒட்டாத ரீபட்டன் சூட்டில் உரிந்து பறக்கும். உட்கார்ந்தவர்களைவிடத் தொங்கியவர்கள் அதிகமாக மலையிறங்கிய ஜீப்புகளில் மொட்டை டயர் என்பது உயிரோடு ஆடும் சூதாட்டம். இழுத்துப் பிடிக்க வேண்டிய முன் சக்கரத்துக்குப் புது டயர், ரீபட்டன் பின் சக்கரத்துக்குத்தான் என்ற விதி தெரிந்தவர்களுக்கே தெரியும். எல்லாரும் பின்பற்றினார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பழுது பார்க்க முடிகிற பொருளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அது தானாகச் சொல்லாது.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைத் தடங்களில் ஓட்டுகிறவர்களும், மோசமான பாதையில் டயரை எப்படிக் காப்பாற்றுவது என்ற இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே பகை தூரம்; அலையலையான செம்மண் சாலையும் வெயிலும் டயரைச் சூடாக்குகின்றன. அவர்கள் கண்ட வழி காற்றைக் குறைப்பது, வேகத்தைக் குறைப்பது, இரண்டு ஸ்டெப்னி ஏற்றிக்கொள்வது, கன்னத்தைத் தடிப்பாக்கிய லாரி ரக ரேடியலை மாட்டுவது. நம் மலையில் தூரம் ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊருக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் காற்றைக் குறைக்க நம்மால் முடியாது. மரவள்ளி மூட்டை அடுக்கிய வண்டியில் காற்றைக் குறைத்தால் கன்னம் மடிந்து இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். பாரம் என்ற ஒன்று அவர்களுடைய பாதி யோசனைகளை இங்கே செல்லாக்காசாக்கிவிடுகிறது.

கடைசியில் ரேடியலை மலைக்கு ஏற்றியது மலைப்பாதை அல்ல. அடிவாரத்தில் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக விரிந்தது. மரவள்ளி ஏற்றிய பிக்கப் வண்டி மலையில் ஒரு மணி நேரமும் அந்த நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரமும் ஓட வேண்டியதாயிற்று. வண்டியும் கம்பெனியிலிருந்தே ரேடியலோடு வந்தது. மலையில் தார்ச்சாலைகளும் பெருகின, எல்லா ஊருக்கும் அல்ல. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கிலும் சாலை ஒரு பிரச்சினையாகவே இருந்தது. ஆகவே பழைய கணக்கு முற்றிலும் செத்துவிடவில்லை. டியூப்லெஸ் ரேடியலின் கன்னம் கல்லில் கிழிந்தால், அதைத் தூக்கிப் போடச் சொல்லும் கம்பெனிப் புத்தகம். அடிவாரத்துப் பஞ்சர் கடையில் அதை ரிம்மிலிருந்து பிரித்து, கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை அணை வைத்து, அதற்கு மேல் ஒரு டியூபைப் போட்டுக் காற்றடித்து அனுப்புவார்கள்.