லக்கலவுக்கு வந்த இளம் பொறியியலாளர்கள்

அணைக்கட்டுத் திறப்பு விழாச் செய்திகள் பலவற்றை நான் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருக்கும். யார் திறந்துவைத்தார், எத்தனை கோடி ரூபா செலவு, எத்தனை ஏக்கர் வயலுக்கு நீர் என்ற மூன்று விடயங்களும் அடங்கிவிட்டால் செய்தி முடிந்துவிடும். அந்த அணையைக் கட்டியவர்கள் எங்கே தங்கினார்கள், எப்போது வீட்டுக்குப் போனார்கள், அணைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று நாங்கள் எழுதியது குறைவு. அந்தக் குறையை ஓரளவேனும் நிவர்த்திசெய்யும் எண்ணத்துடனேயே லக்கலவைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

லக்கல மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த பிரதேசம். தூரத்திலிருந்து பார்க்கும்போது மடக்கிய கைவிரல் முட்டிகளைப் போலத் தோன்றியதால் ஆங்கிலேய நில அளவையாளர்கள் அம்மலைக்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பகுதிகளுள் இம்மலையும் ஒன்று. இங்கே ஊற்றெடுக்கும் களு கங்கை கீழிறங்கி அம்பன் கங்கையுடன் சேருகின்றது. மேற்கே இரத்தினபுரி, களுத்துறை வழியாகப் பாயும் பெரிய களு கங்கை வேறு, இது வேறு.

அம்பன் கங்கையின் பெயர் தமிழ் வாசகர் பலருக்குப் பழக்கமற்றதாக இருக்கலாம். ஆனால் அதன் நீர் நமக்கு அந்நியமானதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் தொடங்கி ஆண்ட வசபன் இந்த ஆற்றை மறித்து எலஹெரக் கால்வாயை வெட்டியதாக மகாவம்சம் கூறுகின்றது. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டி அதற்கு இந்த நீரைக் கொண்டுசென்றான். பின்வந்த மன்னர்களின் காலத்தில் கால்வாய் மேலும் நீண்டு கந்தளாய் வரை சென்றது. குளக்கோட்டன் பெயரோடு இணைத்து நாம் பேசும் கந்தளாய்க் குளத்திற்கு மாத்தளை மலைகளின் மழையிலும் ஒரு பங்குண்டு.

இந்த வேலைகளைச் செய்வித்த மன்னர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். மைல் ஒன்றுக்குச் சில அடி மட்டுமே சரியும்படி கால்வாயை மலையோரமாக வளைத்து வளைத்துக் கொண்டுசென்றவர்களின் பெயர்கள் தெரியா. அவர்களும் ஒரு காலத்தில் இளைஞர்களாக, வீட்டைப் பிரிந்து காட்டில் தங்கியவர்களாகவே இருந்திருப்பர்.

பெயரும் வாழ்க்கையும் பதிவாகிய முதல் இளம் பொறியியலாளர்களுள் ஒருவர் தோமஸ் ஸ்கின்னர். 1804இல் பிறந்த இவர் 1818இல் பதினான்கு வயதுச் சிறுவனாக இலங்கைக்கு வந்தார். திருகோணமலையில் இராணுவப் பணியிலிருந்த தந்தையிடம் வந்துசேர்ந்த அவர், அடுத்த ஆண்டே படையில் இளநிலை அதிகாரியானார். 1820இல், பதினாறு வயதில், கொழும்பு – கண்டி வீதியின் ஒரு பகுதியை அமைக்கும் பொறுப்பை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இவரிடம் ஒப்படைத்தார். வீதி அமைத்தலில் பயிற்சி எதுவும் இல்லாத அந்தச் சிறுவனின்கீழ் ஏறத்தாழ இருநூறு கண்டியத் தொழிலாளர் விடப்பட்டனர்.

கண்டி இராச்சியம் வீழ்ந்து அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள். அந்த இருநூறு பேரும் கூலிக்காகத் தாமாக வந்தவர்களல்லர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையின்கீழ் அழைத்துவரப்பட்டவர்கள். தம் வயலையும் பெண்டு பிள்ளைகளையும் விட்டுவந்து அந்நிய ஆட்சியாளரின் வீதிக்குக் கல் சுமந்தார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுக்குப் பின்னர் 1832இல்தான் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது.

ஸ்கின்னர் 1867இல் ஓய்வுபெற்றபோது நாட்டில் ஏறத்தாழ மூவாயிரம் மைல் வீதி இருந்தது. வீதி வேலையோடு மலைநாட்டை அளந்து வரைபடமாக்கும் வேலையையும் அவர் செய்தார். காடே வீடாக, காய்ச்சலே துணையாகக் கழிந்த நாட்கள் பல. அவர் தம் வாழ்க்கையை எழுதிவைத்தார். 1877இல் அவர் இறந்தபின், 1891இல் ‘இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அதனைப் பதிப்பித்தவர் அவருடைய மகள். ஆகவே இன்றும் நாம் அவரை அறிகிறோம். அவருக்குக் கீழே கல் சுமந்த இருநூறு பேரில் ஒருவரைக்கூட அறியோம்.

1900ஆம் ஆண்டு நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. பின்னர் உள்நாட்டு இளைஞர்களும் பொறியியல் கற்று அதில் சேர்ந்தனர். அவர்களுள் யாழ்ப்பாணத்தவர் கணிசமானோர். உலர்வலயக் காடுகளில் பாழடைந்த குளங்களைத் தேடி அளப்பதே அவர்களின் முதல் வேலை. மலேரியா அக்காலத்தில் அந்த உத்தியோகத்தின் ஒரு பகுதி. 1934 – 35இல் பரவிய கொள்ளைநோயில் மட்டும் இத்தீவில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர். கொயினா மாத்திரையும் கொசுவலையும் இல்லாமல் எவரும் காட்டுப் பங்களாவுக்குப் போகமாட்டார். இந்தத் தலைமுறையைச் சேர்ந்த பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1969இல் இலங்கையின் நீர்வளங்கள் பற்றி வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் பயன்படும் ஆவணம். ஆனால் அது குளங்களின் வரலாறு. அதை எழுதியவரைப் போன்றோர் காட்டில் கழித்த இரவுகளின் வரலாறு அன்று.

லக்கலவின் ஆற்றை மறிக்கும் எண்ணம் உருவானதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். ஐக்கிய நாடுகளின் நிபுணர்களும் இலங்கைப் பொறியியலாளர்களும் சேர்ந்து 1968இல் நிறைவுசெய்த மகாவலிப் பெருந்திட்டத்தில் எலஹெரவுக்கு அருகேயுள்ள மொரகஹகந்தவும் ஒரு நீர்த்தேக்கமாக இடம்பெற்றது. 1976இல் பொல்கொல்ல அணை முடிந்தது. மகாவலி நீர் சுரங்கவழியாக உக்குவெல சென்று அம்பன் கங்கையை அடைந்தது. 1977க்குப் பின் திட்டம் துரிதப்படுத்தப்பட்டபோது விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல ஆகியவை முன்னுக்கு வந்தன. மொரகஹகந்த பின்னுக்குத் தள்ளப்பட்டது.

2007இல்தான் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. லக்கல பல்லேகமவில் களு கங்கையின் குறுக்கே 68 மீற்றர் உயரமான இன்னோர் அணையும் அத்திட்டத்தில் அடங்கியது. மொரகஹகந்தவில் 2017 ஜனவரியிலும் களு கங்கையில் 2018 ஜூலையிலும் நீர் தேக்கத் தொடங்கினர். முன்னதன் கொள்ளளவு 570 மில்லியன் கன மீற்றர். பின்னதன் கொள்ளளவு 248 மில்லியன். இரண்டையும் கால்வாயும் சுரங்கமும் இணைக்கின்றன. மொரகஹகந்த நீர்த்தேக்கத்திற்குப் புகழ்பெற்ற பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் (1919 – 2006) பெயர் சூட்டப்பட்டது. அரசியல்வாதியின் பெயரன்றிப் பொறியியலாளர் ஒருவரின் பெயர் அணையில் இடம்பெற்றது வரவேற்கத்தக்கது.

அந்த வேலைத்தளத்தில் பணியாற்றிய இளம் பொறியியலாளர்களுள் என் நண்பர் ஒருவரின் மகனும் இருந்தார். கூச்ச சுபாவமுள்ளவர்; பெயர் வேண்டாம். அவர் சொன்னவற்றை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன்.

காலை ஏழு மணிக்கு வேலைத்தளத்தில் நிற்கவேண்டும். அணைக்கு மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, உருளை இயந்திரத்தால் இறுக்குவார்கள். ஒவ்வோர் அடுக்கின் ஈரப்பதனையும் இறுக்கத்தையும் சோதித்துக் கையெழுத்திடுவது அவர் வேலை. அளவு பிழைத்தால் அந்த அடுக்கைக் கிளறி மறுபடியும் இறுக்கவேண்டும். அன்று முழுவதும் உழைத்த சாரதிகளிடம் அதைச் சொல்லுவதே தமக்குக் கடினமாக இருந்தது என்றார். மழை பெய்தால் மண் வேலை நின்றுவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நாட்கணக்கில் விடுதியில் அடைந்து கிடப்பார்கள். அட்டைக்கடி உண்டு. யானை வருகிறதென்றால் வெளியே போகமுடியாது. இரவு வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க, அலை கிடைக்கும் மேடொன்றைத் தேடி ஏறவேண்டும்.

மாதத்திற்கொருமுறை விடுமுறை. தம்புள்ளைக்கு வந்து, ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ் பிடித்து, விடியும்போது தாயிடம் போய்ச் சேருவார். இரண்டு பகலும் ஓர் இரவும் தங்கிவிட்டு மறுபடியும் பயணம்.

தாய் இருந்தது சொந்த ஊரில் அன்று. அவர்கள் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள். 1990 ஜூனில் கைக்குழந்தையாக இருந்த இவரைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதன்பின் நலன்புரி நிலையம், உறவினர் வீடு, வாடகை வீடு. தாம் பிறந்த ஊரைப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை.

இந்த இளைஞருக்கு லக்கலவில் கிடைத்த வேலைகளுள் ஒன்று, நீர்த்தேக்கம் நிரம்பும்போது தண்ணீர் எட்டும் மட்டத்தைக் குறித்த குழுவினரோடு கிராமங்களுக்குப் போய்வருவது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள வீடு, வயல், பன்சலை, பாடசாலை யாவும் போய்விடும். தென்னை எத்தனை, பலா எத்தனை, மிளகுக்கொடி எத்தனை என்று எண்ணி எழுதுவார்கள்.

ஒரு வீட்டில் வயோதிபப் பெண் ஒருவர் இருந்தார். ‘இஞ்சினேரு மஹத்தயா’ என்று அழைத்துப் பாய் போட்டு உட்காரவைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றார் இவர். அம்மா அங்கே சொந்த வீட்டில்தானே இருக்கிறார் என்று அவர் கேட்க, இவர் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னார். அந்தப் பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ‘புத்தா’ என்று அழைத்து, தம் முற்றத்தில் காய்த்த மிளகில் ஒரு பொட்டலம் கட்டி, அம்மாவிடம் கொடு என்று தந்தார். மகனே என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

அடுத்த விடுமுறைக்கு மிளகு யாழ்ப்பாணம் போயிற்று. அதன்பின் ஒவ்வொரு முறையும் தாய் முதலில் கேட்டது, “தம்பி, அந்த அம்மா எப்படி இருக்கிறா?” என்பதே.

போர் முடிந்தபின் வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இவர்களுடைய துண்டும் ஒருநாள் விடுபட்டது. தாயோடு இவரும் போனார். வீடு இல்லை. கிணறு இருந்தது. கட்டு உடைந்த அந்தக் கிணற்றடியில் தாய் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, “எங்களுக்குக் கிணறாவது மிஞ்சிச்சு, அந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?” என்று மகனைக் கேட்டார். “என்னிடம் மறுமொழி இருக்கவில்லை” என்றார் அவர்.

இந்தக் கேள்வி மிகையன்று. இராணுவம் பிடித்த காணியைக் கேட்டுப் போராடலாம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகாவது திரும்பலாம். நீர்த்தேக்கம் கொண்ட காணி திரும்புவதில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் கடும் வரட்சியில் மட்டும் வெளியே தெரியும். கொத்மலையில் மூழ்கிய கடதொர விகாரையும் அப்படியே. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியாவுக்குள். லக்கலவின் பழைய நகரமும் இப்போது நீருக்குள் போய், புதிய லக்கல என்ற பெயரில் வேறிடத்தில் ஒரு நகரம் எழுந்திருக்கிறது. வீதிகளும் அலுவலகங்களும் பழையதைவிட நன்றாக அமைந்துள்ளன. மாற்றுக் காணியும் இழப்பீடும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகளும் எழுந்தன.

அணை வேண்டாம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. மின்னேரியாவிலும் கந்தளாயிலும் வயல் விதைப்பவனுக்கு அந்த நீர் உயிர். ஆனால் அதன் விலையைச் சிலர் மட்டுமே கொடுக்கிறார்கள். பொறியியலாளன் கொடுப்பது சில ஆண்டுப் பிரிவு. மாதத்திற்கொருமுறையாவது அவன் வீட்டுக்குப் போகலாம். ஊரவர் கொடுப்பதோ ஊரையே. இரண்டையும் தெரிந்த ஒருவன் அந்த அணையின் மண்ணைச் சோதித்துக் கையெழுத்திட்டான் என்பது எந்தத் திறப்பு விழாச் செய்தியிலும் வரவில்லை.

அந்த வயோதிபப் பெண்ணுக்குப் புதிய குடியிருப்பில் காணி கிடைத்ததாக அவர் பின்னர் அறிந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்றைத் தாய் கொடுத்துவிட, அதை எடுத்துக்கொண்டு தேடிப்போனார். வேலியோரத்தில் புதிதாக மிளகுக்கொடி நட்டிருந்தாராம். காய்க்க மூன்று ஆண்டாவது செல்லும்.

நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் மகாவலியிலும் பணியாற்றிய தமிழ்ப் பொறியியலாளர், நில அளவையாளர் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் தம் காட்டு நாட்களை, தாம் அளந்த ஊர்களை, அங்கே தமக்குச் சோறு போட்டவர்களை எழுதிவைக்கவேண்டும். அவர்களால் முடியாவிட்டால் பிள்ளைகள் கேட்டு எழுதவேண்டும். ஸ்கின்னருக்கு மகள் செய்ததை நம்மவர் பிள்ளைகளாலும் செய்யமுடியும்.